ஆறாம் நிறம்

கௌஸ் பாஷாவின் கம்ப்யூட்டர் தினமும் காலையில் தன்னை 2005 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டுதான் கண் விழிக்கும். உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவர் அதற்காகச் சலித்துக்கொண்டதில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்துத் தேதியையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை. தப்பான தேதியின் கீழ் எதையும் பதியக் கூடாது. பேட்டரியை மாற்றலாமே என்று கேட்டவர்களிடம், "தெனம் தேதிய நாமளே போட்டாத்தான்பா நெனப்புல நிக்கும்" என்பார்.

அவர் 1960-ல் காஞ்சிபுரம் ஒலிமுகம்மதுபேட்டையில் பிறந்தவர். பதினாறு வயதில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கட்டம் போட்ட கிராப் தாளில் கரைக்கும் முந்திக்கும் கொடியும் அன்னமும் வரைவது வேலை. தாளில் ஒரு கட்டம் என்றால் தறியில் ஓர் இழை. ஒரு கட்டம் தவறினால் அன்னத்தின் கண் கழுத்துக்குப் போய்விடும். அவர் கையில் அப்படிப் போனதாக யாரும் சொன்னதில்லை. 2005-ல் கிராப் தாளை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினார். 2011-ல் அட்டை குத்தும் மெஷினும் வந்தது. கம்ப்யூட்டரில் போட்ட டிசைனை அது நீள அட்டைகளில் துளைத் துளையாகக் குத்தித் தரும். அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் தறி அதைப் படித்து நெய்யும். 2019-ல் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனபின் டிசைன் தொழிலை நிறுத்திக்கொண்டார். மெஷின் கைமாறிப் போயிற்று. கம்ப்யூட்டரை மட்டும் வைத்துக்கொண்டார், அதில் இன்னொரு வேலை இருந்ததால்.

அந்த வேலை கபரஸ்தானின் பதிவு. பேட்டை ஜமாத்தின் அடக்க இடத்தில் யாரையும் கல் கட்டி அடக்குவதில்லை. ஒரு மண் மேடு, அதன் தலைமாட்டில் ஒரு செடி, அவ்வளவுதான். நாலைந்து மழையில் மேடு கரைந்து தரையோடு தரையாகிவிடும். ஆகையால் எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக் கூடாது என்பதைச் சொல்ல ஒரு பதிவு வேண்டும். 1998 முதல் அதை எழுதிவந்தவர் கௌஸ் பாஷா.

நோட்டில் மட்டும் எழுதினால் போதாது என்று 2007-ல் அவருக்குத் தோன்றியது. குழி தோண்டும் தஸ்தகீரைக் கூட வைத்துக்கொண்டு பதினொரு நாள் கயிறு பிடித்து இடம் முழுவதையும் அளந்தார். முப்பத்தாறு வரிசை, வரிசைக்கு நாற்பத்தெட்டு கட்டம். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வேறு யாராவது என்றால் அதற்கென்று இருக்கும் அட்டவணை எதிலாவது ஏற்றியிருப்பார்கள். கௌஸ் பாஷாவுக்குத் தெரிந்தது சேலை டிசைன் போடும் சாஃப்ட்வேர் ஒன்றுதான். அதில் புது டிசைன் ஒன்றைத் திறந்து, ஒரு குழிக்கு ஒரு கட்டம் என்று போட்டார். தோண்டாத மண் வெள்ளை. அது முதல் நிறம். 1980-க்கு முந்திய குழிகள் சாம்பல். அதற்குப் பிந்தியவை நீலம். 2000-க்குப் பிந்தியவை சிவப்பு. கிணறு, பாதை, மரங்கள் கறுப்பு. மொத்தம் ஐந்து நிறம்.

அதே ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி ஜமாத் கூடி ஒரு முடிவெடுத்தது. யாருக்கும் முன்கூட்டி இடம் ஒதுக்குவதில்லை. இருப்பவர் இல்லாதவர் எல்லோருக்கும் வரிசைப்படிதான். அந்தத் தீர்மானத்தை எழுதிய கையெழுத்து கௌஸ் பாஷாவுடையது.

ஒன்றரை வருடம் கழித்து, 2008 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, அவருடைய அக்கா சைதுனின் மகள் நிக்கத் காய்ச்சலில் இறந்தாள். பதினாலு வயது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண். புருஷன் அதற்கு ஐந்து வருடம் முன்பே போய், அவரை வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் அடக்கியிருந்தார்கள். சைதுன் அழுது முடித்த நாற்பதாம் நாள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"கௌஸு, அவ பக்கத்து எடத்த எனக்கு வெச்சிரு. வேற ஒண்ணும் உன்ன கேக்க மாட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். மறுநாள் காலை கம்ப்யூட்டரில் தேதியைப் போட்டார். நிக்கத்தின் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக் கட்டத்தின் மேல் ஆறாவதாக ஒரு நிறம் வைத்தார். வெள்ளைதான், ஆனால் பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த அளவுக்கு மங்கிய வெள்ளை. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பட்டு நூலில் முப்பது வகை வெள்ளை பார்த்த அவர் கண்ணுக்குத் தெரியும். அந்த வரிசையில் அடுத்த ஜனாஸா வந்தபோது, "அங்க வேப்ப மரத்து வேர் இருக்குது, அடுத்ததுக்குப் போ" என்று தஸ்தகீரிடம் சொன்னார். இருபத்தாறு வருடப் பதிவில் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பிறகு 2015 டிசம்பர் மழையில் பழைய நோட்டுகள் எல்லாம் ஊறிக் கூழாயின. 2021-ல் இடம் தாழ்வாக இருக்கிறது என்று ஜமாத் இரண்டடி மண் அடித்துச் சமன் செய்தது. வேப்ப மரத்தையும் அப்போதுதான் வெட்டினார்கள். வெட்டிய மறுநாளே கௌஸ் பாஷா அந்தக் கட்டத்தைக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற்றினார். பதிவு சரியாக இருக்க வேண்டுமே. அதற்கப்புறம் தரையில் ஓர் அடையாளமும் மிச்சமில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. எழுதி வைத்துவிட்ட ஒன்றைத் தலையிலும் சுமந்துகொண்டு திரியும் பழக்கம் அவருக்கு இல்லை.

2024 ஜூலை முதல் வாரம் ரெஹான் வந்தான். முப்பத்தேழு வயது, ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை, ஜமாத்துக்குப் புதுச் செயலாளர்.

"சாச்சா, இனிமே மவுத் பதிவெல்லாம் வெப்சைட்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. உங்க பொட்டில அந்தப் பக்கமே தொறக்கல."

"எப்படித் தொறக்கும்? அது இன்னும் 2005-ன்னு நெனச்சுக்கினு இருக்குது."

"எக்ஸ்பிய எடுத்துட்டு விண்டோஸ் பத்து போட்டுட்டா தொறந்துரும். பூவராகவன்கிட்ட சொல்லிட்டேன்."

கௌஸ் பாஷா சரி என்றார். அந்த வாரம் வீட்டில் வேறு கவலை இருந்தது. புருஷன் போனதிலிருந்து தம்பி வீட்டிலேயே இருந்த சைதுனுக்கு இதயம் பலவீனமாகி, கால் இரண்டும் வீங்கி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள். இருமல் சுவரைத் தாண்டிக் கேட்கும்.

ஜூலை 8, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குப் பூவராகவன் வந்தார். நாற்பது வயது, நெற்றியில் திருமண், தோளில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளிருந்து பஞ்சு மாதிரி தூசி விழுந்தது.

"பாய், இதுக்கு என்னைக் கூப்புட்டிருக்கக் கூடாது. தொல்லியல் துறைக்கு ஃபோன் போட்டிருக்கணும்."

"தோண்டிப் பாரு. பல்லவர் காலத்து ராம் ஒண்ணு கெடைக்கும்."

பூவராகவன் சிரித்துக்கொண்டே ராமை மாற்றினார். செத்த பேட்டரியையும் மாற்றினார். பிறகு பென் டிரைவைச் செருகிக் கேட்டார். "உள்ள எதெதெல்லாம் எடுத்து வெக்கணும்?"

"ஒரே ஒரு ஃபைல். மத்ததெல்லாம் பார்ட்டிங்களுக்குக் கொடுத்து முடிச்ச டிசைன்."

"சாஃப்ட்வேரு?"

"டிசைன் இருந்தா போதும்பா. தறி யாருதா இருந்தா என்ன?"

நாற்பத்து மூன்று வருடத் தொழில் சொல்லவைத்த பதில் அது. அவர் குத்திக் கொடுத்த அட்டையை ஐயம்பேட்டையில் மாட்டினாலும் ஆரணியில் மாட்டினாலும் அதே அன்னம்தான் வரும். தறி உடைந்தால் வேறு தறி. டிசைனை மட்டும் பத்திரமாக வைத்திருந்தால் எந்தத் தறியிலிருந்தும் சேலையை வாங்கிவிடலாம். கம்ப்யூட்டர் ஃபைலும் அப்படித்தான் என்று அவர் நம்பியிருந்தார். அது தான் பிறந்த தறியை விட்டால் வேறு எங்கேயும் வாய் திறக்காது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பூவராகவனுக்கு அது தெரியும். ஆனால் சேலை ஃபைலைப் பற்றிச் சேலைக்காரருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார்.

ஃபைலை இரண்டு பென் டிரைவில் எடுத்தார்கள். இரண்டிலும் அளவு 3,18,464 பைட் என்று பார்த்து கௌஸ் பாஷா நோட்டில் குறித்துக்கொண்டார்.

"பழைய டிஸ்க்க அப்பிடியே ஓரமா வெச்சுட்டு, வேற ஒண்ணு போட்டுரலாமா பாய்?"

"நல்லா ஓடுறத எதுக்குக் கழட்டணும்?"

திரை நீலமாகி, பழையதை அழிக்கலாமா என்று கேட்டு நின்றது. பூவராகவன் கையை எடுத்துக்கொண்டார். "உங்க கையாலயே அமுக்குங்க. தறியில மொதல் ஊடை இழைய சொந்தக்காரரே போடுறதுதான வழக்கம்."

கௌஸ் பாஷா பிஸ்மில்லா சொல்லி என்டரை அமுக்கினார். மணி 10:25.

முடிந்தபோது 1:15. திரையில் புது ஜன்னல் படம் வந்தது. மூலையில் தேதியும் நேரமும் தானாகவே சரியாக இருந்தன. அவருக்குத் திருத்துவதற்கு ஒன்றும் இல்லாதது என்னவோ போல் இருந்தது. வெப்சைட் திறந்தது. ரெஹானுக்குப் போனில் தகவல் சொன்னார். பிறகு பென் டிரைவைச் செருகித் தன் ஃபைலை இரண்டு தடவை தட்டினார். இதை எதில் திறப்பது என்று கம்ப்யூட்டர் அவரையே கேட்டது.

பூவராகவன் மூன்று நான்கு வழியில் முயன்றார். ஒன்றில் வெறும் கறுப்புக் கட்டங்கள் வந்தன. மற்றதில் அதுவும் இல்லை.

"அந்த சாஃப்ட்வேர் சீடி எங்க பாய்?"

"கம்பெனிக்காரன் வெளியூர்லேர்ந்து வந்து போட்டுட்டு, சீடிய எடுத்துக்கினு போயிட்டான். கம்பெனிய மூடிப் பன்னெண்டு வருஷம் ஆவுது. இந்தப் பூட்டு மட்டும்தான் கொடுத்தான்."

பெட்டியின் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. அது இருந்தால்தான் அந்த சாஃப்ட்வேர் ஓடும். பூவராகவன் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பூட்டு இருக்குது, வீடு இல்ல" என்றார். சொன்ன பிறகு கௌஸ் பாஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பெட்டிய கடைக்கு எடுத்துக்கினு போறேன். அழிஞ்சத எடுக்க வழி இருக்குது. பாக்கலாம்" என்றார்.

அன்று மாலை சைதுன் தம்பியைக் கூப்பிட்டாள். தலையணையை இரட்டையாக வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"உன் பொட்டி பொழச்சிச்சா?"

"பொழச்சிடுச்சு ஆபா."

"அப்ப எனக்கு முன்னாடி போவல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் எடம் அப்பிடியே இருக்குதில்ல?"

"இருக்குது."

"யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல."

"உன் மூஞ்சி ஏன்டா இப்பிடி இருக்குது? எனக்கு இன்னும் ஒண்ணும் ஆவலியே."

அவர் மருந்து நேரத்தைச் சரிபார்ப்பது போல் எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பூவராகவன் கடையில் பெட்டியோடு மல்லுக்கட்டினார். அழிந்த டிசைன்களின் பெயர்கள் சில மீண்டு வந்தன. சாஃப்ட்வேர் இருந்த இடத்தின் மேலேயே புதியது உட்கார்ந்துவிட்டது; எடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு தகவல் கொண்டுவந்தார். செவிலிமேட்டில் தர்மசந்திரன் என்று ஒரு ஜைனர் டிசைன் ஆபீஸ் நடத்துகிறார். அவரிடம் இருக்கும் புது சாஃப்ட்வேர் பழைய வகை ஃபைல்களையும் படிக்கும்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் கௌஸ் பாஷா டவுன் பஸ் பிடித்துப் போனார். தர்மசந்திரன் ஐம்பது வயதுக்காரர், பேச்சுக்காரர். தொழிலில் கௌஸ் பாஷாவின் பெயரைக் கேள்விப்பட்டவர். எழுந்து நாற்காலி போட்டார். பென் டிரைவை வாங்கிச் செருகி, என்னமோ இரண்டு மூன்று கேள்விகளுக்கு ஆமாம் ஆமாம் என்று அமுக்கினார். ஃபைல் திறந்தது. முப்பத்தாறு வரிசையும் திரை நிறைய வந்து நின்றன. கௌஸ் பாஷாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

தர்மசந்திரன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நல்லா இருக்குதே பாய். முந்தியா, ஒடம்பா? ரிப்பீட் எங்கேர்ந்து ஆரம்பிக்குது?"

"இதுக்கு ரிப்பீட் கெடையாதுபா."

"ரிப்பீட் இல்லாம முப்பத்தாறு லைனா? யாரு நெய்வாங்க இத? அட்டை கிட்டை குத்திப் பாத்தீங்களா?"

கௌஸ் பாஷா காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்திருந்தார். சாம்பல் இருந்தது. நீலம் இருந்தது. சிவப்பும் கறுப்பும் இருந்தன. வெள்ளை எங்கும் ஒரே வெள்ளையாக இருந்தது.

"இதுல எத்தன நெறம் காட்டுது?"

"அஞ்சு."

"ஆறு இருக்கணும்."

"ரொம்பக் கிட்ட கிட்ட இருக்குற ரெண்டு ஷேட ஒண்ணாச் சேத்துரும் பாய். உள்ள எடுக்கும்போதே கேட்டுச்சு, நான் சரின்னு கொடுத்துட்டேன். இருங்க, வேண்டாம்னு கொடுத்துப் பாக்கலாம்."

வேண்டாம் என்று கொடுத்தபோது ஃபைல் திறக்கவே மறுத்தது. நாலு தடவை பார்த்தார்கள். கடைசியில் தர்மசந்திரன் ஐந்து நிறத்தையே பெரிய தாளில் அச்செடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். "பெரிய வித்தியாசம் ஒண்ணும் இருக்காது பாய். நெய்ஞ்சா கண்ணுக்கே தெரியாது."

பஸ்ஸில் உட்கார்ந்து கௌஸ் பாஷா தாளை மடியில் விரித்து வெள்ளைக் கட்டங்களை எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. வேர், பாறை, ஊற்று என்று பல காரணத்துக்காகப் பல வருடங்களில் விட்டுப்போன கட்டங்கள் இடம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஜமாத்துக்கு வேண்டிய பதிவு முழுதாகக் கையில் இருந்தது. எந்தக் குழியின் மேலும் யாரும் தவறித் தோண்டப்போவதில்லை. போனது ஒரே ஒரு கட்டம். அப்படி ஒரு கட்டம் உண்டென்று அவரையும் அக்காவையும் தவிர யாருக்கும் தெரியாது. நிக்கத்தின் சிவப்பு எது என்று தாள் சொல்லவில்லை; பெயர்கள் கூழாய்ப்போன நோட்டில்தான் இருந்தன. வேப்ப மரம் எந்த வரிசை என்று யோசித்தார். பதினைந்து என்று தோன்றியது. பத்தொன்பது என்றும் தோன்றியது. மரத்தின் கட்டத்தைத் தன் கையாலேயே வெள்ளையாக்கியது நினைவு வந்தபோது தாளைச் சுருட்டிவிட்டார்.

சாயங்காலம் தஸ்தகீரைத் தேடிப் போனார். தஸ்தகீருக்கும் அவர் வயதுதான். வேலிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என் மருமவ நிக்கத்த எங்க அடக்கினோம், நெனப்பு இருக்குதா?"

"நீங்க சீட்டு கொடுப்பீங்க, நான் தோண்டுவேன். நெனப்பெல்லாம் உங்க டிபார்ட்மெண்டு."

"வேப்ப மரத்துக்கிட்ட. வேர் இருக்குதுன்னு ஒரு எடத்த விடச் சொன்னேன்."

"பாதி எடத்த வேர் இருக்குதுன்னுதான் விட்டிருக்கோம் பாஷா பாய். மரமே நாலு இருந்துச்சு." தஸ்தகீர் குழாயை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "ஆபாவுக்கு ரொம்ப முடியலியா?"

அவர் வீட்டுக்கு நடந்தார்.

வியாழக்கிழமை, ஜூலை 11, காலை 6:10-க்கு சைதுன் மவுத்தானாள். பக்கத்தில் கௌஸ் பாஷாவும் அவர் மனைவியும் இருந்தார்கள். கடைசியாக அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருக்குது என்றுதான் அவர் மறுபடியும் சொல்லியிருப்பார். ரெஹான் ஏழு மணிக்கே வந்தான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. அவன் அச்செடுத்த தாளைப் பார்த்து, "வரிசைப்படி முப்பத்தொண்ணுல ஒம்போதாவது கட்டம். தஸ்தகீர்கிட்ட சொல்லிரட்டுமா சாச்சா?" என்று கேட்டான்.

"கொஞ்சம் இரு" என்றார் கௌஸ் பாஷா.

பெண்கள் உள்ளே குளிப்பாட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அவர் தன் வேலை அறையில் உட்கார்ந்து தாளை மறுபடியும் விரித்தார். ஒரே வெள்ளையை எத்தனை நேரம் பார்ப்பது? யாரு நெய்வாங்க இத என்று தர்மசந்திரன் கேட்டது அப்போதுதான் திரும்பி வந்தது. அட்டை கிட்டை குத்திப் பாத்தீங்களா.

குத்தியிருந்தார். 2011-ல் மெஷின் வந்த முதல் நாள் ஓட்டிப் பார்க்க ஒரு டிசைன் வேண்டியிருந்தது. பார்ட்டியின் டிசைனைச் சோதனைக்கென்று குத்தக் கூடாது. கேட்டதற்கு மேல் ஒரு செட் வெளியில் இருந்தால், அது எந்தத் தறிக்குப் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. யாருக்கும் சொந்தமில்லாத டிசைன் அவரிடம் ஒன்றுதான் இருந்தது. கபரஸ்தானையே கொடுத்து ஓட்டினார். நன்றாகக் குத்துகிறது என்று பார்த்தபின் அட்டைகளை நூலில் கோத்து, காகிதத்தில் சுற்றி, பரணில் போட்டார்.

ஸ்டூல் போட்டு ஏறினார். நாற்பது கிராப் தாள் கட்டுகளுக்கு அடியில் அது இருந்தது. கரப்பான் அரித்த காகிதத்தின் மேல் அவர் கையெழுத்தில் தேதி: 22-2-2011. கீழே இறக்கித் தரையில் விரித்தார். வெள்ளைக்கு அட்டை கிடையாது; அது துணியின் நிறம். மற்ற ஒவ்வொரு நிறத்துக்கும் வரிசைக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வரிசை எண்ணும் நிற எண்ணும் பென்சிலில் எழுதியிருந்தார். மொத்தம் நூற்றுப் பதினெட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். நிறம் 2, 3, 4, 5. அடுத்த வரிசை. 2, 4, 5. ஆறு என்று எழுதிய அட்டை முழு கட்டிலும் ஒன்றுதான் இருந்தது. வரிசை 17. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரே ஒரு துளை. நகத்தை வைத்து ஓரத்திலிருந்து எண்ணினார். இருபத்து மூன்று. இன்னொரு முறை எண்ணினார். அதே வரிசையில் நிறம் 5-ன் அட்டையில் இருபத்து நாலாவது இடத்தில் துளை இருந்தது. வேப்ப மரம்.

அப்போது மணி 11:40. ரெஹானை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எதையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னார்: அக்கா கேட்டது, நிறம் வைத்தது, வேர் என்று தஸ்தகீரிடம் பொய் சொன்னது.

ரெஹான் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"அந்தத் தீர்மானத்த எழுதினது யாரு சாச்சா?"

"நான்தான்."

"போன வருஷம் எங்க அத்தா மவுத்தானப்ப, எங்க தாதா பக்கத்துல வெக்கலாமான்னு உங்கள கேட்டேன். இருபத்தெட்டாவது வரிசைன்னு சீட்டு எழுதிக் கொடுத்தீங்க."

"ஆமா."

"நெறைய தடவ யோசிச்சேன். பரவால்ல, சாச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யறவர்ன்னு மனச தேத்திக்கினேன்."

உள்ளே யாரோ யாசீன் ஓதத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்குது?" என்றான் ரெஹான்.

"இது ஒண்ணுதான்."

"எப்பிடித் தெரிஞ்சுக்கறது?"

2011 வரைக்கும் அட்டை சாட்சி சொல்லும். அதற்குப் பிந்திய பதிமூன்று வருடத்துக்கு அந்த ஃபைல்தான் சாட்சி. அதில் எல்லா வெள்ளையும் ஒன்றாகிவிட்டது. திங்கட்கிழமை காலை 10:25 வரைக்கும் கௌஸ் பாஷாவால் திரையில் காட்டியிருக்க முடியும்: பார், ஆறாம் நிறம் இங்கே ஒன்றுதான். பிறகு அவர் கையாலேயே என்டரை அமுக்கினார்.

"என் வார்த்தைதான்பா இருக்குது" என்றார்.

ரெஹான் அந்த அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டான். "ஆபா கேட்டதுல தப்பு இல்ல. அங்கயே தோண்டச் சொல்றேன். மத்தத ஞாயித்துக்கெழம கமிட்டியில பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு மணிக்குக் கிணற்று மூலையிலிருந்து கயிறு பிடித்தார்கள். கௌஸ் பாஷா ஒரு முனை, ரெஹான் மறு முனை. வேர் என்று அன்று சொன்னது பொய் என்பதைக் கௌஸ் பாஷா தஸ்தகீரிடமும் சொல்லியிருந்தார். தஸ்தகீர் முளை அடித்துத் தோண்டினார். இரண்டடி வரைக்கும் லாரியில் வந்த சிவப்பு மண். அதற்குக் கீழே பழைய மண், கடப்பாறை பட்டதும் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது.

"இது தோண்டாத மண்ணு" என்றார் தஸ்தகீர். மூன்றரை அடியில் கடப்பாறை வேறு மாதிரி தட்டியது. குனிந்து கையால் துழாவினார். கை கனத்தில் ஒரு வேர், குழியின் கிழக்கு ஓரத்தில் குறுக்கே ஓடியது. முகர்ந்து பார்த்தார். "வேம்பு. நெசமாவே வேர் இருந்துச்சு பாருங்க பாஷா பாய். நீங்க பொய் சொல்லல." கோடாலி கொண்டுவரச் சொல்லி வெட்டினார்.

அஸருக்குப் பிறகு ஜனாஸா வந்தது. சைதுனுக்கு மகன் இல்லை. தம்பிதான் குழிக்குள் இறங்க வேண்டும். இறங்கி, உடலை வாங்கி, மெதுவாகக் கிடத்தினார். நிமிரும்போது வலது கை மேற்குச் சுவரில் பட்டது. அந்தப் பக்கம் மண் கிழக்கைப் போல இறுகியிருக்கவில்லை. விரல் பட்ட இடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கே ஒரு கணம் கையை வைத்திருந்தார். மேலே நின்றவர்கள் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பூவராகவன் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். திறந்ததும் திரை மூலையில் தேதி சரியாக இருந்தது. கௌஸ் பாஷா அதை நம்பாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நோட்டை எடுத்தார். பெயர், வயது, தகப்பனார் பெயர், தேதி, மவுத்தான நேரம், வரிசை 17, கட்டம் 23. குறிப்பு என்ற கடைசிப் பத்தியில் அவர் இதுவரை வேர், பாறை, ஊற்று என்று மட்டுமே எழுதியிருந்தார். அதில் எழுதினார்: "2008-ல் முன்கூட்டி ஒதுக்கப்பட்டது. ஜமாத் தீர்மானத்துக்கு விரோதம். ஒதுக்கியவர் கௌஸ் பாஷா."

மை காய்ந்ததும் நோட்டை ரெஹான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரெஹான் நின்றபடியே படித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டான். அவன் கொண்டுபோன ஒற்றைத் துளை அட்டையை அவர் கேட்கவில்லை. அவனும் திருப்பிக் கொடுக்கவில்லை.